ஆமெனுக்கு முன்னால்

ஜூன் 2

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான என் தங்கைக்கு,

அவருடைய அளவற்ற கிருபையினாலும் இரக்கத்தினாலும் நான் இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். அம்மா போன நாளிலிருந்து இரண்டு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறாய் என்று உன் அண்ணி சொன்னாள். அதில் எனக்கு உன்மேல் எந்த வருத்தமும் இல்லை.

இப்போது போனில் பேச எனக்கும் வழியில்லை. தொண்டையில், குரல் வருகிற இடத்தில், சின்னதாக ஒரு முடிச்சு வளர்ந்திருந்தது. கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. போன வாரம் எடுத்துவிட்டார்கள். வருடக்கணக்காகக் கத்திப் பேசியதால் வந்தது என்கிறார் தொண்டை டாக்டர். பட்டறையில் எட்டு லேத் மெஷினின் இரைச்சலுக்கு மேல் கத்துகிறேன். சபையில் மைக் இருந்தும் கத்துகிறேன். இனி நாற்பது நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று உத்தரவு. நாற்பது நாள் என்று எழுதிக் காட்டியதும் இயேசு வனாந்தரத்தில் உபவாசமிருந்த அதே கணக்கு என்று சபையார் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். இதில் தேவனுடைய திட்டம் இருக்கிறது என்று போதகர் ஆராதனையிலேயே சொன்னார்.

உன் அண்ணி எங்கள் பெண்ணின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். வர இன்னும் மூன்று மாதம் ஆகும். வீட்டில் நான் மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். சபையின் புதிய கட்டடத்தை ஜூலை இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிரதிஷ்டை செய்கிறோம். அதற்குள் எனக்குக் குரல் வந்துவிடும். ஆரம்ப ஜெபம் நான்தான். விழா மலரில் ஒரு முழுப் பக்கம் அம்மாவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நான் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா "ஆமென்" என்று சொல்லிப் பிராணனை விட்ட அந்தச் சாட்சியைப் போடப்போகிறோம். எத்தனையோ பேரை அது தொட்டிருக்கிறது. அப்போது தலைமாட்டில் இருந்தவள் நீ. நீயும் நாலு வரி எழுதி அனுப்பினால் சாட்சி முழுமையாக இருக்கும். மாத முடிவுக்குள் அனுப்பு.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் அண்ணன்

*

ஜூன் 9

அண்ணா,

உன் கடிதம் நான் வேலை செய்யும் லேப்புக்கு வந்தது. உறையின் மூலையில் நீ எழுதியிருந்த "ஸ்தோத்திரம்" என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, ஏதோ நன்கொடை கேட்டு வந்தது என்று முதலாளி இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை.

நானும் முதல் வரியைப் படித்துவிட்டு, யாருக்கோ வந்ததை நமக்குக் கொடுத்துவிட்டார்களோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தங்கை யார்? நம் வீட்டில் எனக்கு "ஏய்" என்றுதானே பெயர். கடிதத்திலும் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாய்.

உன் தொண்டை சரியாக வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன். காரமாக எதையும் சாப்பிடாதே. சமைக்கத் தெரியாதே, என்ன செய்கிறாய்?

நான் இங்கே பல்செட் செய்கிறேன். முன்பு அங்கே பகுதி நேரமாகச் செய்ததேதான், இப்போது முழு நேரம். டாக்டர்களிடமிருந்து ஈறின் அச்சு வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவேன். யாருடைய வாய் என்று தெரியாது. அந்த ஆள் சிரிக்கிற ஆளா, உம்மணாமூஞ்சியா என்றும் தெரியாது. சாயந்திரம் கையைக் கழுவிவிட்டு அறைக்குப் போவேன். அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். இரண்டு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் என் குரலை நானே கேட்காமல் மூன்றாம் நாள் வேலைக்குப் போவேன். எனக்கு எந்த டாக்டரும் உத்தரவு போடவில்லை.

நாலு வரி கேட்டிருக்கிறாய். ஒரு வரி தருகிறேன், மலரில் போட்டுக்கொள். அம்மா ஆமென் சொல்லவில்லை.

போன வருடம் உன் சபையின் மாத இதழை யாரோ எனக்கு அனுப்பினார்கள். அந்தச் சாட்சியை அதில்தான் முதலில் படித்தேன். கையில் இருந்த மெழுகு ஆறிக் கட்டியாகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான்கு வருடம் அவளைத் தூக்கி உட்கார வைத்தவள் நான். குளிப்பாட்டியதும், புண் வராமல் புரட்டிப் போட்டதும் நான். நீ ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவாய். ஜெபம் பண்ணுவாய். போவாய். நான் பத்து டம்ளர் கழுவுவேன்.

அன்றைக்கு அந்த அறையில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். உன் மலருக்கு அதைத் தர மாட்டேன்.

தங்கை

*

ஜூன் 16

தங்கைக்கு,

உன் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நான் உன்னைவிட எட்டு வயது மூத்தவன். அம்மாவுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை என்பது போல எழுதியிருக்கிறாய். மருந்தெல்லாம் யார் வாங்கி வந்தது? ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் வந்தது யார்? கூட வந்தவர்கள் அன்பினால் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லாதே.

இதை எழுதிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். இன்றைக்கு மறுபடியும் எடுத்துப் படித்தேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், அனுப்புகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குப் புதிதாகத் தெரியப்போவதில்லை.

சமையலுக்கு ஒரு வழி செய்துகொண்டேன். கஞ்சி வைக்கத் தெரியும். மூன்று வேளையும் கஞ்சி.

பட்டறையில் எல்லோருக்கும் கொண்டாட்டம். என்னை "மைக் செட்" என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியுமே. "மைக் செட்டுக்குக் கரன்ட் கட்" என்று என் மெஷின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்தார்கள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் அதில்தான் எழுதிக் காட்ட வேண்டும். எழுதிக் காட்டுகிற அளவுக்கு முக்கியமான விஷயம் ஒரு நாளைக்கு நாலு கூட இல்லை. உன் அண்ணி தினமும் போன் பண்ணுகிறாள். அவள் பேசுவாள். ஆமாம் என்றால் நான் போனை ஒரு தட்டு தட்டுவேன், இல்லை என்றால் இரண்டு தட்டு. முப்பது வருடத்தில் இப்போதுதான் நான் அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறேனாம்.

இன்னொன்று எழுத வேண்டும். உன்னிடம் எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு யாரிடமும் எழுத முடியாது.

எனக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறக்காமல் மனதில் ஜெபிக்க வேண்டியதுதானே என்று முதல் நாள் முழங்கால் போட்டேன். மனதுக்குள் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் ஓடியது. மூன்றாவது வாக்கியத்தில், இந்த இடத்தில் சபையார் "ஆமென்" என்று சொல்வார்களே என்று நின்றேன். யாரும் சொல்லவில்லை. அதற்குமேல் எனக்குப் போகத் தெரியவில்லை. மறுநாளும் அப்படித்தான். முப்பது வருடமாக எத்தனை வீட்டில், எத்தனை ஆஸ்பத்திரியில் ஜெபித்திருக்கிறேன்! "பிரதர் ஜெபிச்சா அறையே அதிரும்" என்பார்கள். கதவைச் சாத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்தால் அவரிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இத்தனை நாளும் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று பயமாக இருக்கிறது.

அம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. மலருக்கு வேண்டாம். அவள் என்னவோ முனகியது என் காதிலும் விழுந்திருக்கலாம். நான் கண்ணை மூடியிருந்தேன், ஜெபத்தின் நடுவில் இருந்தேன். நீ சொன்னால்தான் தெரியும். மகன் என்ற முறையில் கேட்கிறேன்.

அண்ணன்

*

ஜூன் 24

அண்ணா,

மகன் என்ற முறையில் கேட்கிறாய். சரி.

அன்று காலையிலேயே அம்மாவுக்கு மூச்சு மேலும் கீழும் போக ஆரம்பித்துவிட்டது. உனக்குப் போன் பண்ணினேன். "வா" என்று மட்டும்தான் சொன்னேன். நீ வந்தாய், இருபது பேரோடு வந்தாய். அந்தச் சின்ன அறையில் கட்டிலைச் சுற்றி, கதவுக்கு வெளியே, ஜன்னல் பக்கம், எங்கே பார்த்தாலும் ஆள். நான் தலைமாட்டில் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ கால்மாட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கினாய். அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று அடித்தது.

நீ சுகம் கேட்டாய். ஆயுசு கேட்டாய். கூட்டம் "ஆமென், ஆமென்" என்றது. அம்மா கண்ணைத் திறந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இரண்டு நாளாகத் திறக்காத கண். நேராக உன்னைப் பார்த்தாள். பல்செட்டைக் கழற்றி வைத்திருந்ததால் அவள் பேச்சு மற்றவர்களுக்கு வெறும் குழறல்தான். நான்கு வருடம் கேட்ட எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

"பெரியவனே, பக்கத்துல வா."

நீ ஜெபித்துக்கொண்டிருந்தாய். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னாள். போர்வைக்கு வெளியே கையை எடுத்து, கட்டில் ஓரத்தை இரண்டு தடவை தட்டினாள். சின்ன வயதில் நமக்குக் காய்ச்சல் வந்தால் உட்காருவாளே, அந்த மாதிரி உன்னை உட்காரச் சொன்னாள். உன் கண் திறக்கவில்லை. பிறகு அவள் உன்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேலே பார்த்தாள். மூச்சு நின்றதை நான் பார்த்தேன். நீ அதற்குப் பிறகும் அவளுக்கு ஆயுசு கேட்டுக்கொண்டிருந்தாய். நீ ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மணி பதினொன்று இருபத்திரண்டு.

இவ்வளவுதான். இதைத்தான் இரண்டு வருடமாக நான் ஒருத்தியாக வைத்துக்கொண்டிருந்தேன். உனக்குக் காது கேட்கவில்லை, உன் சத்தத்தில் உனக்கு எதுவும் கேட்காது, அதுதான் உன் பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. ஜெபம் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

தங்கை

*

ஜூலை 5

ஏய்,

இந்தக் கடிதத்தை ஆறு தடவை ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரி நன்றாக வந்தது. நன்றாக வந்ததாலேயே கிழித்துப் போட்டேன். இப்போது எப்படி வருகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

எனக்குக் கேட்டது.

நீ இரண்டு தடவை என்கிறாய். மூன்று தடவை கூப்பிட்டாள். முதல் தடவை "பெரியவனே" என்று மட்டும். நான் அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன். அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது, ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்து இன்னும் சத்தத்தைக் கூட்டினேன். இரண்டாவது தடவை பக்கத்தில் வரச் சொன்னது முழுவதும் புரிந்தது. பல் இல்லாவிட்டால் என்ன, என் அம்மாவின் பேச்சு எனக்குப் புரியாதா? ஒரு நிமிடம், இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். போதகர் பக்கத்தில் நிற்கிறார், இருபது பேர் நிற்கிறார்கள், பாதியில் நிறுத்தினால் விசுவாசம் இல்லாதவன் என்று நினைப்பார்களே என்று இருந்தது. அது மட்டுமல்ல. உள்ளதை எழுதுகிறேன். ஜெபம் அன்றைக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது. இதுவரை அப்படி வந்ததே இல்லை. விட மனமில்லை.

மூன்றாவது தடவை அவள் கட்டிலைத் தட்டிய சத்தமும் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

முடிந்ததும் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி அழுதுகொண்டே என்னிடம், "அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா பிரதர்?" என்று கேட்டார்கள். யோசிக்கக்கூட இல்லை. "ஆமென் சொன்னாங்க" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர்கள் "ஸ்தோத்திரம்" என்று கையைத் தூக்கினார்கள். அடுத்த வாரம் சபையில் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். பிறகு வேறு சபைகளில் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது குரலை உயர்த்தினேன். அந்தக் கத்தலில்தான் தொண்டை போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டரிடம் இதை எழுதிக் காட்டவில்லை.

டாக்டர் சொன்னது ஆறு வாரம். நாற்பது நாள் என்று நான்தான் மாற்றினேன். கேட்க நன்றாக இருந்தது.

அண்ணன்

*

ஜூலை 12

பதில் வரவில்லை. கேட்க எனக்கு உரிமையில்லை. கடிதம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி போடு.

ஆறு வாரம் முடிந்துவிட்டது. டாக்டர் பேசிப் பார்க்கச் சொன்னார். "என்ன பேசறது?" என்றேன். காற்று மாதிரி வந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். இனி இவ்வளவுதானாம். பழைய சத்தம் வராது, வரவழைக்கவும் கூடாதாம்.

அண்ணன்

*

ஜூலை 14

வந்து சேர்ந்தது.

இரண்டு வருடமாக உன்னை ஒரு செவிடன் என்று திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று தடவையும் கேட்டும் நின்றவன் என்று தெரிந்த பிறகு, அந்தப் பழைய கோபமே பரவாயில்லை போலிருக்கிறது. அதனோடு எனக்குப் பழகிவிட்டிருந்தது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. முதலாளிக்கு நானே போன் பண்ணிக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

மூன்று நாளும் உன்னைத் திட்டி எழுதிப் பார்த்தேன். எழுத எழுத ஒரு விஷயம் நடுவில் வந்து நின்றது. தலைமாட்டில் நான் இருந்தேன் அண்ணா. எனக்கு வாய் இருந்தது. "அண்ணா, அம்மா கூப்பிடறா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நீ வந்திருப்பாய். கூட்டத்தை நெட்டித் தள்ளியாவது வந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். நான் செய்யவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். இதுவரை நினைக்கப் பயந்தேன். அவள் கூப்பிட்டபோது, பார்க்கலாம், நிறுத்துகிறானா என்று நினைத்தேன். மறுபடியும் கூப்பிட்டபோதும் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். நான்கு வருடக் கோபம் அது. நீ நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்று கூட உள்ளுக்குள் இருந்தது. அம்மா சாகிற நேரத்தில் அவளை வைத்து உனக்குப் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தேன். நீ தோற்றாய். அவளுக்கு என்ன கிடைத்தது?

நீ மூன்று தடவை என்கிறாய். அந்த முதல் தடவை என் காதில் விழவே இல்லை. அப்போது நான் உன்னை முறைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

அன்றிலிருந்து நான் சபைப் பக்கம் போகவில்லை. வேதத்தைத் திறக்கவில்லை. கேட்பவர்களிடம், என் அண்ணனால்தான் எனக்கு ஜெபமே வெறுத்துப்போனது என்று சொல்லி வந்தேன். சௌகரியமான பதில். இப்போது அதுவும் போய்விட்டது.

இருபதாம் தேதி நீ மேடையில் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க மாட்டேன்.

தங்கை

*

ஜூலை 27

ஏய்,

கேட்க மாட்டேன் என்றாய். ஆனாலும் சொல்கிறேன்.

மலரிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லிப் போதகரிடம் போனேன். அச்சாகி வந்துவிட்டது என்று கட்டுக்கட்டாகக் காட்டினார். அம்மாவின் படம் நன்றாக விழுந்திருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் "ஆமென் என்றபடியே" என்று தலைப்பு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வாசல் வரை நின்றது. ஆரம்ப ஜெபத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கை வாயில் ஒட்டி வைத்துக்கொண்டேன், அப்போதும் கேட்கவில்லை. ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைக் கூட்ட, அது கீச்சென்று கத்தியது. குறைத்தபிறகு பேசினேன். "எங்க அம்மா ஆமென் சொல்லல. என்னைப் பக்கத்துல வரச் சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல, ஜெபம் பண்ணிட்டு இருந்தேன். ரெண்டு வருஷமா உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன். புஸ்தகத்துல இருக்கறதும் பொய்." அவ்வளவுதான். ஜெபிக்காமல் இறங்கிவிட்டேன்.

நீ நினைப்பது போல ஒன்றும் நடக்கவில்லை. போதகர் மைக்கை வாங்கி, "சகோதரருக்கு உடம்பு இன்னும் தேறல, மனசும் சோர்ந்துபோயிருக்கு, அவருக்காக ஜெபிப்போம்" என்றார். எனக்காக எல்லோரும் ஜெபித்தார்கள். வெளியே வரும்போது ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன ஒரு தாழ்மை பிரதர்!" என்றார். மலரும் விநியோகம் ஆனது. ஆளுக்கு ஒன்று கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

இதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பேசி முடித்தபோது கூட்டம் மூச்சுவிடாமல் இருந்தது. அப்போது எனக்குள்ளே ஒருவன், ஆகா, எப்படிக் கேட்கிறார்கள் பார் என்றான். அந்த ஆள் இன்னும் சாகவில்லை. என்னோடுதான் வீட்டுக்கு வந்தான்.

இப்போது யாரும் ஜெபிக்கக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு என்ன, பக்கத்தில் இருப்பவருக்கே என் குரல் கேட்காது. கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து வருகிறேன். மூன்று வாரமாகவே சாயந்திரம் பட்டறையிலிருந்து வந்து, குளித்துவிட்டு, முன் அறையில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறேன். முழங்கால் போடுவதில்லை. முழங்கால் போட்டால் பழைய வாக்கியங்கள் தானாகக் கிளம்பிவிடுகின்றன. "ஆண்டவரே" என்று ஒரு தடவை மனதில் சொல்லிவிட்டு இருக்கிறேன். மாடி வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தம், தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பாடுபடுகிற சத்தம், எல்லாம் கேட்கிறது. சில நாள் யாரோ அறையில் இருப்பது போல இருக்கிறது. பல நாள் வெறும் சுவர்தான். அழுகையாக வரும். ஆனாலும் எழுந்து போவதில்லை. முன்பெல்லாம் நான் பேசி முடித்ததும் எழுந்துவிடுவேன். அவர் ஏதாவது சொல்ல வந்தாரா என்று ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை.

உன் அண்ணி அடுத்த மாதக் கடைசியில்தான் வருவாள். அவளுக்கும் எழுதிவிட்டேன். போனில் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். நான் தட்டினேன்.

நீ உன்னைப்பற்றி எழுதியதைப் படித்தேன். உன்மேல் எனக்கு ஒரு பொட்டுக் கோபம் இல்லை. இதை அழகுக்காக எழுதவில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த அறையில் நீ தண்ணீராவது கொடுத்தாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜெபத்தில் கேட்டுவிட்டேன் என்று உன்னிடம் கேட்காமல் இருக்கக்கூடாது. என்னை மன்னிப்பாயா?

அண்ணன்

*

ஆகஸ்ட் 8

அண்ணா,

கஞ்சி குடித்துக் குடித்து இளைத்திருப்பாய். பருப்பை வேகவைத்துக் கடைந்து, உப்புப் போட்டு, ஒரு சொட்டு நெய் விடு. அதற்கு ஒரு படிப்பும் தேவையில்லை. குக்கர் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடு. வாய் பேசாததால் விசிலாவது உனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"என்ன ஒரு தாழ்மை பிரதர்" என்றதைப் படித்துவிட்டு லேப்பில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜையில் வேலை செய்பவள் எட்டிப் பார்த்தாள். ஆறு மாதமாகப் பக்கத்தில் இருக்கிறாள், நான் சிரித்து அவள் பார்த்ததில்லை. "ஊர்ல இருந்து நல்ல சேதியா அக்கா?" என்று கேட்டாள். "எங்க அண்ணன் எழுதியிருக்கார்" என்றேன். நல்ல சேதியா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. சாயந்திரம் இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தோம். அவள் தன் மாமியாரைப்பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டுக்கொண்டு வந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடலாம். ஒரு வார்த்தைதானே. ஞாயிற்றுக்கிழமை எழுதியும் வைத்தேன். உறைக்குள் போடும்போது உன் சபையார் பக்கத்தில் நின்று "ஸ்தோத்திரம்" என்று சொல்வது போல இருந்தது. நீ கேட்க நன்றாக இருக்கும் என்பதற்காக எழுதினேன் என்று தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். இன்னும் மன்னிக்கவில்லை. அந்த நாளை நினைத்தால் வயிற்றில் இன்னும் கல் மாதிரி இருக்கிறது. உன்மேல் பாதி, என்மேல் பாதி என்று இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் கல் குறையவில்லை. தூக்கி எறிந்துவிடலாம் என்று பார்த்தால் கை வரவில்லை. என்னால் ஆகிற காரியமாக அது இல்லை அண்ணா.

அதனால் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். காலையில் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கிற வரைக்கும். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் நாள் எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. கூச்சமாக இருந்தது. நீ எழுதியிருந்ததைப் போல "ஆண்டவரே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு, "எனக்கு எங்க அண்ணனை மன்னிக்கணும், முடியல" என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொதித்துவிட்டது.

ஐந்து நாளாக அதையேதான் கேட்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. இன்று காலையும் கேட்டேன். நாளைக்கும் கேட்பேன்.

உன் நம்பரைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். இப்போதைக்குக் கூப்பிடாதே. எழுது.

தங்கை